பழைய ஐஸ் ஆலையில் அவர் பேசியது

தையலக்காவால் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. இப்படிப்பட்டவள் போயும் போயும் தையல் தொழிலை எப்படிப் பிடித்தாள் என்பது தெருவுக்கே விளங்காத சங்கதி. ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள். காலர் வைத்ததும் வாசலுக்குப் போய் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்டு வருவாள். கால் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்காது. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், துணி வெட்டும் மேசை, ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அளவு கொடுக்க வந்தவர்கள் தங்கள் அளவோடு சேர்த்து ஊர்க்கதை முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

அவள் வீட்டுக்காரர் நேர்மாறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து லாரி நீளப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற பெரிய கிரேன். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவர். காலையில் போவார், மதியம் மூன்று மணிக்கு வருவார். கேட்டால் ‘ம்’ என்பார். இரண்டு தடவை கேட்டால் ‘ஆமா’ என்பார்.

“இருபத்து மூணு வருஷம் ஆச்சு. எங்க வீட்டு கரண்ட் பில்லு கூட இவரை விட அதிகம் பேசும்” என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தாள். வழக்கமாக அவசரப்படுகிற டீச்சர் அன்றைக்குத் துணியைப் பையில் போட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஐஸ் ஆலைக்குப் போயிருந்தேன். இப்ப அதைக் கலைக்கூடமா மாத்தியிருக்காங்க இல்ல?”

“கேள்விப்பட்டேன். மீனுக்கு ஐஸ் போட்ட எடத்துல என்னத்தைக் காட்டறாங்களோ.”

“அங்க உங்க வீட்டுக்காரர் பேசறாரு.”

தையலக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “எங்க வீட்டுக்காரரா? பேசறாரா? டீச்சர், வேற யாரையோ பாத்திருக்கீங்க.”

“ஒரு வீடியோ படம் ஓடுதுக்கா. துறைமுகத்துல வேலை செய்யறவங்களோட கைய மட்டும் காட்டறாங்க. மூஞ்சி கிடையாது. குரல் மட்டும் கேக்குது. ஒரு சட்டையில மணிக்கட்டு பட்டிக்கு ரெட்டைத் தையல், பட்டனுக்குப் பச்சை நூலு. அந்த மாதிரி உங்களைத் தவிர யாரு போடறா? குரலும் அவரோடதுதான். போன மாசம் நான் வந்தப்ப ‘இருங்க, வருவா’ன்னு சொன்னாரே, அதே குரல்.”

“அப்படி என்னதான் சொல்றாரு?”

டீச்சர் பையின் வாரைச் சரிசெய்தாள். “நீங்களே ஒரு தடவை போய்க் கேளுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு தையலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மெல்லத் தூண்டில் போட்டாள்.

“அந்த ஐஸ் ஆலையில ஏதோ படமெல்லாம் காட்டறாங்களாமே?”

“ம்.”

“நீங்க போயிருக்கீங்களா?”

“இல்ல” என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதில் என்றைக்குத்தான் ஏதாவது தெரிந்திருக்கிறது?

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பத்து மணி வாக்கில் கடையைப் பூட்டினாள். பாதித் தெரு போன பிறகுதான் அளவு நாடா கழுத்திலேயே தொங்குவதைக் கவனித்தாள். திரும்பிப் போக மனம் வரவில்லை, அப்படியே நடந்தாள்.

ஐஸ் ஆலைக்கு வெளியே வெள்ளையடித்திருந்தார்களே தவிர உள்ளே பெரிதாக எதையும் மாற்றவில்லை. சுவர்கள் இரண்டு முழக் கனம். தலைக்கு மேலே, ஐஸ் பாளங்களைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போன இரும்புத் தண்டவாளம் வளைந்து வளைந்து அறைக்கு அறை ஓடியது. தரையில் தண்ணீர் வடிய வெட்டிய கால்வாயின் மேல் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். அடையாள அட்டை மாட்டியிருந்த ஒரு பெண் புன்னகையோடு ஒரு தாளைக் கொடுத்தாள். தையலக்கா அதை வாங்கி விசிறிக்கொண்டாள்.

முதல் கூடத்தில் பழைய கொக்கிகளில் முப்பது நாற்பது வெள்ளைச் சட்டைகள் தொங்கின. உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தவை போல விறைத்துக்கொண்டு நின்றன. கிட்டே போய் ஒரு சட்டையின் கீழ் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள்.

“அம்மா, தொடக் கூடாது.”

“தொடலம்மா. ஓரத்தை மடிச்சே தைக்கல. அப்படியே விட்டிருக்காங்க, பாரு.”

“அது அப்படித்தான்மா இருக்கணும்.”

“சரி, உங்க இஷ்டம். அந்தக் கை படம் ஓடுதாமே, அது எங்க?”

அந்தப் பெண் உள்ளே கைகாட்டினாள். ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்த கிடங்கு அது. கனத்த கதவு, ஜன்னலே இல்லாத அறை, உள்ளே இருட்டு. எதிர்ச்சுவர் முழுக்கப் படம். நடுவில் ஒரு நீளப் பெஞ்சு. வேறு யாரும் இல்லை.

திரையில் ஒரு வயதான கை கயிற்றைப் பிரித்துப் பிரித்து முடைந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு குரல் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பைப் பற்றிச் சொன்னது. பிறகு முத்திரை குத்துகிற ஒரு குமாஸ்தாவின் கை. தையலக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரோரமாக நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அடுத்து வந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டாலும் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு ஜோடிக் கை. இடது கட்டைவிரல் நகத்தில் பிளவு. மணிக்கட்டில் பச்சை நூல் பட்டன். கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன. பிறகு அவர் பேசினார்.

“மூஞ்சியக் காட்டாதீங்க. ஆபீசுல தெரிஞ்சா நல்லா இருக்காது.” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. “எனக்கு மேல ஏற பயம். முன்னாடி இல்ல. ரெண்டு வருஷமாத்தான்.”

மறுபடி எழப்போன தையலக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்கு நல்ல காத்து. ஒரு பெட்டியத் தூக்கினேன். நாலு மூலையிலயும் பூட்டு விழுந்தாத்தான் பச்சை விளக்கு எரியணும். பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. பாதி தூரம் வந்ததும் பெட்டி ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. ரெண்டு பூட்டுதான் பிடிச்சிருக்கு. எனக்குக் காலுக்குக் கீழ எல்லாம் கண்ணாடி. குனிஞ்சு பாத்தா, நேர் கீழ ஒருத்தன் உக்காந்து ஷூ கயிறு கட்டறான். அங்க ஆளே வரக் கூடாது. நான் கத்தறேன், கேக்குமா? நகத்தினாலும் விழும், நகத்தாட்டாலும் விழும். அவன் ஒரு ஷூவக் கட்டினான். அப்புறம் இன்னொண்ணையும் அவுத்து மறுபடி கட்டினான். எழுந்து போய்ட்டான். மேல பாக்கவே இல்ல.”

கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

“பெட்டி விழல. பத்திரமா எறக்கிட்டேன். ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்காததால யார்கிட்டயும் சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல. அவன் தினமும் கேன்டீன்ல எனக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிடறான். உப்பை எடுத்துக் குடுங்கம்பான். குடுப்பேன்.”

பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்: “காலையில சாப்பிட மாட்டேன். சாப்பிட்டா ஏணியில பாதியிலயே வாந்தி வந்துடும். வீட்டுல அவளுக்கு வருத்தம். அவ சமையல் எனக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனைச்சிட்டிருக்கா. நெனைச்சிட்டுப் போகட்டும். உண்மையச் சொல்றதுக்கு அது பரவாயில்ல.”

அடுத்த கை வந்துவிட்டது, ஒரு பெண்ணின் கை, கிளியைப் பற்றி ஏதோ சொன்னாள். தையலக்கா எதையும் கேட்கவில்லை. இரண்டு வருடம். ஒவ்வொரு காலையும் தட்டில் முழுசாக மிஞ்சிய ரொட்டியை அவர் கண் முன்னால் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். ‘ஆபீஸ் கேன்டீன்ல யாரு ஊட்டிவிடறாளோ’ என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாள். அதற்கும் அவர் ‘ம்’ என்றுதான் சொன்னார்.

இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். படம் சுற்றி வர நாற்பது நிமிடம் பிடித்தது. அந்த நாற்பது நிமிடமும் கூண்டில் அடைத்த பிராணி மாதிரி நான்கு சுவரையும் சுற்றினாள். இரண்டாம் முறை கேட்டபோது வார்த்தைகளைவிட நடுநடுவே விட்ட இடைவெளிகள்தான் அதிகம் உறைத்தன. கேமராவுக்குப் பின்னால் யாரோ இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தடவை கூட ‘அப்புறம்?’ என்று கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றுக்குக் கயிறு முடைகிற கை வந்த நேரத்தில் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். முப்பது முப்பத்தைந்து வயது. கழுத்தில் துறைமுக அடையாள அட்டையின் நீலப் பட்டை. கொஞ்ச நேரம் கேட்டவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

“அட, இது நம்ம கயித்துக்காரப் பெரியவரு!” என்று தானாகவே சொல்லிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். “நான் அங்கதாங்க டைம் கீப்பரு, ஆளுங்க வந்து போற நேரத்தைக் குறிக்கறவன். எல்லாரையும் தெரியும். மூஞ்சியக் காட்டாட்டியும் குரலை வெச்சே கண்டுபிடிச்சிடுவேன்.”

குமாஸ்தாவின் கை வந்தது. அவன் அதையும் யாரென்று சொல்லிவிட்டான். அடுத்தது அவர். ‘ஆபீசுல தெரிஞ்சா நல்லா இருக்காது.’

பச்சை நூல் பட்டன் திரையில் வருவதற்கும் தையலக்கா அவனுக்கும் திரைக்கும் நடுவில் போய் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

“தம்பி, இந்தச் சட்டைய எங்க தெச்சீங்க?”

“எங்கயோ தெச்சது. கொஞ்சம் நகருங்க, படம்...”

“தோள்பட்டை ரெண்டு விரக்கடை எறங்கி நிக்குது. இப்படித் தெச்சவன் கையில மெஷினைக் குடுத்தவனைச் சொல்லணும். எழுந்திரிங்க, திரும்புங்க. நான் முப்பது வருஷமா தைக்கறேன், என் கண்ணுக்குத் தப்பாது. கைய ஒதறுங்க. இப்படி!”

கழுத்திலிருந்த நாடா அவன் முதுகுக்குப் போய்விட்டது. தோளை அளந்தாள், கையை அளந்தாள், கழுத்தை அளந்தாள். அளந்ததையெல்லாம் சத்தமாகச் சொன்னாள், தப்பாகச் சொல்லித் திருத்திச் சொன்னாள். பின்னால் அவர் குரல் ‘அன்னிக்கு நல்ல காத்து’ என்று தொடங்கியதும் தன் குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினாள். அக்குளில் ஏன் துணி கிழிகிறது, நல்ல பருத்தியைத் தண்ணீர் காட்டாமல் வெட்டினால் என்ன ஆகும், விடுதியில் தங்கிப் படிக்கிற தன் மகளின் துணியை அங்கே துவைக்கிற மெஷின் என்ன கதி ஆக்கியது என்று மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தாள். அவன் இரண்டு மூன்று தடவை கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான். அந்தப் பக்கமே நாடாவைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். அட்டை மாட்டிய பெண் எட்டிப் பார்த்து, “அம்மா, மெதுவா பேசுங்க” என்றாள். “இதோ ஆச்சும்மா” என்று அதையும் உரக்கவே சொன்னாள்.

கிளிக்காரப் பெண்ணின் கை வந்தது. அவர் பேச்சு முடிந்துவிட்டது. தையலக்காவின் முதுகெல்லாம் வேர்வை.

“உங்க கடை எங்கக்கா இருக்கு?” என்றான் டைம் கீப்பர். அவனுக்கு உண்மையிலேயே சட்டை மேல் கவலை வந்துவிட்டது. “ஒண்ணு தெச்சுப் பாக்கலாம்போல இருக்கே.”

“பஸ் டிப்போவுக்குப் பின்னால” என்று ஊரின் மறு கோடியைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: “இந்தப் படம் எத்தனை நாளைக்கு ஓடும்?”

“இந்த மாசக் கடைசி வரைக்கும்மா. பிடிச்சிருந்துதா?”

“நடுவுல ஒருத்தர் வர்றாரே, அவரை மட்டும் எடுத்துட முடியுமா?”

அந்தப் பெண் சிரித்தாள். வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுதும் தையலக்கா என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்தாள். ஒரு பள்ளிச் சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தாள். காலை ஏழு மணி ஆனால் போதும். இப்போது ஏணிக்குக் கீழே நிற்பார், இப்போது பாதி ஏறியிருப்பார், இப்போது கண்ணாடித் தரையில் கால் வைத்திருப்பார் என்று மனம் ஒவ்வொரு படியாக ஏறியது. மொட்டைமாடிக்குப் போனால் தூரத்தில் கிரேன்களின் தலை தெரியும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போனாள். எந்தக் கிரேன் அவருடையது என்று இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

காலையில் ரொட்டி வைப்பதை நிறுத்திவிட்டு வெறும் டீயை மட்டும் வைத்தாள். அவர் டீயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குடித்துவிட்டுப் போனார். மகள் போனில், “என்னம்மா, உடம்பு சரியில்லையா? நானே பேசிட்டிருக்கேன், நீ ‘ம்’ங்கற” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன ஆச்சு உனக்கு? ஆறு நாளா திட்டவே இல்ல.”

அவராக வாய் திறந்து கேட்டதே அதிசயம். அவள் பதில் சொல்வதற்குள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

“ஐஸ் ஆலைக்குப் போயிருந்தேன்.”

அவர் மெஷின் முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையில் கிடந்த வெட்டுத் துணி ஒன்றை எடுத்து மடித்தார்.

“எத்தனை தடவை கேட்ட?”

“ரெண்டு தடவை. மூணாவது தடவை கேக்கல, பேசிட்டிருந்தேன்.” டைம் கீப்பரின் தோளை அளந்ததைச் சொன்னாள். அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குப் புரியவில்லை.

“யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கீங்க. என்கிட்டச் சொல்லல.”

“படம் எடுத்த பொண்ணு கேமராவ வெச்சிட்டு சும்மா உக்காந்திருந்துச்சு. அரை மணி நேரம் நானும் சும்மா இருந்தேன். அப்புறம் தானா வந்துடுச்சு.”

“நான் நடுவுல பேசிடுவேன், அதான?”

“அது மட்டும் இல்ல. சொன்னா நீ என்னை ஏற விட மாட்ட.”

“ஆமா. விட மாட்டேன்.”

“அதான்.”

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போகப் பார்த்தாள். பிறகு வெட்டும் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சொல்ல நூறு விஷயம் தொண்டை வரை வந்தது. ஒன்றையும் விடவில்லை. சுவர்க் கடிகாரம் நான்கடித்தது. நான்கரை ஆயிற்று.

“கண்ணாடி மேல ஒரு சாக்கை விரிச்சு வெச்சிருக்கேன்” என்றார் அவர். “பெட்டி தூக்கறப்ப மட்டும் காலால தள்ளிடுவேன்.” இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “அவன்கிட்டச் சொல்லணும்னு தோணுது. அந்த ஷூ ஆளுகிட்ட.”

மறுநாள் கேன்டீனில் அவர் சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு முதலில் எந்த நாள் என்றே நினைவில்லை. நினைவு வந்த பிறகு கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனான். நான்கு நாள் வேறு மேசையில் உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் எதிரில் வந்து உட்கார்ந்து, “உங்களுக்கு ரெண்டு வருஷமா தூக்கம் இல்ல, எனக்கு இந்த நாலு நாளாத்தான்” என்றான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மாதக் கடைசியில் ஐஸ் ஆலையில் படம் ஓடுவது நின்றுவிட்டது. குரலை வைத்து ஆபீசில் அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அவராகப் போய் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி கொஞ்சம் முறைத்தார், எதையோ எழுதினார், மருத்துவரிடம் அனுப்பினார். கடைசியில் அவரைக் கீழே நின்று கிரேன்காரர்களுக்குச் சைகை காட்டுகிற வேலையில் போட்டார்கள். முதல் வாரம் அவர் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபது வருடம் மேலேயிருந்து ஊரைப் பார்த்தவருக்குக் கீழே எல்லாம் சுவராகத் தெரிந்ததாம்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் உள்ளே வந்ததும் வராததுமாக, “இன்னிக்கு டைம் கீப்பர் ஒரு கதை சொன்னான்” என்றார். ஐஸ் ஆலையில் ஒரு கிறுக்குத் தையல்காரி தன்னை மடக்கி அளவெடுத்ததையும், பஸ் டிப்போவுக்குப் பின்னால் அரை நாள் சுற்றியும் அந்தக் கடை கிடைக்காததையும் அவன் சொன்னபடியே நடித்துக் காட்டினார். தையலக்கா வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் முடியவில்லை, குறுக்கே பேசவும் முடியவில்லை. பிறகு அவர் எதையாவது சொல்லத் தொடங்கும்போதெல்லாம் வேண்டுமென்றே நாலு ஊசியை எடுத்துக் கவ்விக்கொள்வது பழக்கமாயிற்று.

ஆனால் அவள் நிலைகொள்ளாமை தீர்ந்தபாடில்லை. மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டார். அதாவது, இப்போது பெட்டிகள் போவது அவர் தலைக்கு மேலே. முதல் இரண்டு நாள் இது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றிய அன்றைக்கு மெஷினில் ஊசி முறிந்தது. மேலே இருப்பவனுக்கு மனசு சரியாக இருக்கிறதா, அவன் காலையில் சாப்பிட்டானா, அவன் வீட்டில் யாராவது அவனைக் கேட்கிறார்களா என்று அவருக்கே தெரியாது. இவளுக்கு எப்படித் தெரியும்?

இப்போது தினமும் பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுத் துறைமுகத்தின் கம்பி வேலிவரை நடந்து போகிறாள். அங்கிருந்து பார்த்தால் மஞ்சள் தலைக்கவசம் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் தெரிவார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கையைத் தூக்குகிறார்கள், ஒரே மாதிரி இறக்குகிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்ப்பாள். ஒரு பெட்டி மேலே நகரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகு விடுவாள். ஐந்தாறு பெட்டி ஆனதும், தைக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு திரும்பி நடப்பாள்.